மூன்று இழுப்பு

தோள்மூட்டைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் நான் பாதியிலேயே பிடுங்கிக்கொண்டு பேசுகிறவள். பதினோரு வருஷமாக மில்லர்புரத்தில் ஒரு கிளினிக்கில் ஃபிசியோதெரபிஸ்ட் வேலை. ஒரு நாளைக்குப் பத்துத் தோளாவது பார்க்கிறேன். ஹார்பரில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிறவர்களின் தோள், உப்பளத்தில் உப்பு வாருகிற பெண்களின் தோள், கரும்பலகையில் எழுதி எழுதித் தேய்ந்துபோன டீச்சர்மார் தோள். ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எந்தத் தசைநாண் பழுது என்று சொல்லிவிடுவேன். அந்த வாய்தான் என் வீட்டுக்காரரைக் கடலுக்குள் அனுப்பியது.

ஹாரிஸ் எனக்கு மாமி மகன். சங்கு குளிக்கிறார். 'படித்த பெண்ணைச் சங்கு குளிக்கிறவனுக்குக் கொடுக்கிறாயே' என்று சொந்தக்காரர்கள் வாப்பாவிடம் சொல்லிப் பார்த்தார்கள். நான் யார் பேச்சைக் கேட்டேன், அவர்கள் பேச்சைக் கேட்க! மூச்சை அடக்கிக்கொண்டு குதிக்கிற காலமெல்லாம் போய்விட்டது. இப்போது வள்ளத்தில் ஒரு கம்ப்ரசர் எஞ்சின் இருக்கும். அதிலிருந்து ஒரு நீளமான ஹோஸ், அதன் முனை வாயில். இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட். இவர் அப்படியே கடலடியில் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் நடந்து சங்கு பொறுக்குவார். மேலே செந்தூர்வேல் அண்ணன் ஹோஸைக் கையில் பிடித்தபடி எஞ்சினுக்குக் காவல் இருப்பார். வள்ளத்தில் அவர்கள் இரண்டு பேர்தான்.

கீழே இருப்பவரும் மேலே இருப்பவரும் பேசிக்கொள்வது அந்த ஹோஸ் வழியாகத்தான். ஒரு இழுப்பு இழுத்தால் 'நல்லா இருக்கியா' என்று கேட்பது. இரண்டு இழுப்பு என்றால் பையைத் தூக்கப் போகிறோம். மூன்று இழுப்பு என்றால் எஞ்சின் நிற்கிறது, காற்று வராது, எல்லாவற்றையும் போட்டுவிட்டு வா. அவ்வளவுதான் அந்தப் பாஷை. கல்யாணமான புதிதில் சமையலறையில் நிற்கும்போது பின்னால் வந்து என் துப்பட்டாவை ஒரு தடவை இழுப்பார். நானும் அவர் சட்டையை ஒரு தடவை இழுப்பேன். ஒருநாள் விளையாட்டாக மூன்று தடவை இழுத்துவிட்டேன். முகம் வெளுத்துப்போய், "அத மட்டும் வெளயாட்டுக்குக் கூடச் செய்யாத ளா" என்றார்.

போன வாரம் திங்கட்கிழமை சாயங்காலம் இடது தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒரு வாரமாகவே வழக்கமான இடத்தை விட்டுவிட்டு, பன்னிரண்டு பாகம், அதாவது எழுபதடிக்கு மேல், ஆழமான ஒரு புது இடத்தில் குளிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே சங்கு கூட்டமாகக் கிடக்கிறதாம்.

"தோள்ல என்னமோ பண்ணுதுளா. வள்ளத்துல ஏறி அர மணி நேரத்துல புடிச்சுது."

"சட்டையக் கழத்துங்க, பாப்போம்" என்றேன். வீட்டிலேயே வைத்தியச்சி இருக்கும்போது என்ன பயம் என்ற மிதப்பு எனக்கு.

தோள்மூட்டு மாதிரி துணிச்சலான மூட்டு உடம்பில் வேறு கிடையாது. மேற்கை எலும்பின் தலை ஒரு நல்ல எலுமிச்சம்பழத்தை விடப் பெரியது. அதைத் தாங்குகிற குழியோ ஒரு சின்ன மூடி அளவுதான். இடுப்பு மூட்டு மாதிரி ஆழமான கிண்ணத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கவில்லை. நாலு சின்னத் தசைகள் தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பி வந்து, அந்த உருண்டையை நாலு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியை நம்பித்தான் நாம் கையை வானத்துக்குத் தூக்குகிறோம். நாலில் மேலே இருப்பது சுப்ராஸ்பைனேட்டஸ். தோள்பட்டை எலும்பின் மேல்நுனிக்குக் கீழே ஒரு சந்து வழியாக அது நுழைந்து வரும். அந்தச் சந்தில் நசுங்கித்தான் பாதிப் பேருக்குத் தோள்வலி வருகிறது. நான் பார்க்கிற பத்துத் தோளில் ஆறு இதுதான்.

கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னேன். தூக்கினார். வலித்தது. பின்பக்கம் திருப்பச் சொன்னேன். திருப்பினார். வலித்தது. நான் அழுத்த, அவரை எதிர்த்துத் தள்ளச் சொன்னேன். மாடு மாதிரி பலமாகத் தள்ளினார். அப்போதும் வலித்தது. எங்கே வலிக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னேன். உள்ளங்கையை விரித்துத் தோள் முழுக்கத் தடவிக் காட்டினார். உள்ளே, எலும்புக்குள்ளே இருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"சுப்ராஸ்பைனேட்டஸ்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, வெந்நீர்ப் பை வைத்து, மறுநாள் கிளினிக்கிலிருந்து அல்ட்ராசவுண்ட் மெஷினைக் கொண்டுவருகிறேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமையும் கடலுக்குப் போனார். சாயங்காலம் முதல் நாளை விட மோசமாக வந்தார். முகமெல்லாம் வெளிறியிருந்தது. கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு பல்லைக் கடித்தார். இவர் வலி பொறுக்காத ஆள் கிடையாது. திருக்கை மீன் முள் குத்தியபோது பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வந்த மனுஷர். அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"ஒண்ணு அதிசயம் ளா" என்றார். "கீழ போனா வலியே இல்ல. ஏழெட்டுப் பாகம் தாண்டுனதும் ஆரோ ஆணியப் புடுங்குன மாதிரி விட்டுட்டு. நாலு மணி நேரமும் நல்லா இருந்தேன். மேல வந்துதான் மறுபடியும் புடிச்சிட்டு."

இதைக் கேட்டு நான் என்ன செய்திருக்க வேண்டும்? பயந்திருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன். என் படிப்பு சரியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். "தண்ணிக்குள்ள கையோட பாரத்தத் தண்ணி தாங்கிக்கிடும் மச்சான். அந்தத் தசைக்கு வேலையே கெடையாது. அதனாலதான் வலி இல்ல. வெளிநாட்டுல எல்லாம் தோள்வலிக்கு ஆளத் தொட்டியில எறக்கித்தான் பயிற்சி குடுக்காங்க. ஒங்களுக்கு அல்லாஹ் பெரிய தொட்டியாக் குடுத்திருக்கான்" என்று பிரசங்கம் செய்தேன். அவர் தலையை ஆட்டினார். நான் சொன்னால் அவருக்கு மறுபேச்சுக் கிடையாது. தோள் விஷயத்தில் என்றால் கேட்கவே வேண்டாம்.

முகம் வெளுத்திருந்ததால் பிரஷர் பார்க்கலாம் என்று அந்தக் கையின் மேல்பகுதியில், தோளை ஒட்டிப் பட்டையைச் சுற்றிக் காற்று அடித்தேன். பட்டை இறுக இறுக அவர் முகம் தளர்ந்தது. பெருமூச்சு விட்டார்.

"அப்படியே வச்சிரு ளா. எறக்காத."

"வச்சிருந்தா கை அழுகிப் போயிரும்" என்று சிரித்துக்கொண்டு காற்றைத் திறந்துவிட்டேன். உடனே முகம் சுருங்கியது. இன்னொரு தடவை அடி என்று கெஞ்சினார். சின்னப் பிள்ளை மாதிரி செய்கிறீர்களே என்று அதட்டினேன். அந்தச் சிரிப்பும் அந்த அதட்டலும் இப்போதும் என் காதில் இருக்கின்றன.

புதன்கிழமை காலையில் அவருக்குப் போக மனசில்லை. வாசலில் பையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கு மட்டும் இருந்துக்கிடட்டா? மேல வரதுக்கே பயமா இருக்கு. வரும்போது அது எனக்குன்னு காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு."

மனுஷர் பயமாக இருக்கிறது என்று சொன்னதை நான் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். கேட்டுவிட்டுச் சொன்னேன்: "சும்மா வச்சிருந்தா தோள் ஒறஞ்சு போயிரும் மச்சான். பொறவு கைய சீப்பெடுக்கக்கூடத் தூக்க முடியாது. அசைக்கணும். அதான் மருந்து. போயிட்டு வாங்க."

போனார்.

பத்து மணிக்கு நாசரேத்திலிருந்து வேதமணி டீச்சர் வந்தார். அறுபது வயது. எம்.ஆர்.ஐ. எடுத்து சுப்ராஸ்பைனேட்டஸ் கிழிந்திருப்பது உறுதியான ஆள். கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கச் சொன்னேன். கொஞ்ச தூரம் வலி இல்லாமல் வந்தது. தோள் மட்டத்துக்கு வருகிற இடத்தில் "ஏசப்பா!" என்று கத்தினார். அதைத் தாண்டிக் காதோரம் வந்ததும் மறுபடி வலி இல்லை. நடுவில் ஒரு வளைவில் மட்டும் வலி. அந்தச் சந்தில் நசுங்குகிற இடத்தில் மட்டும்தான் வலிக்கும். பாடப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்கிற சங்கதி. தினமும் பார்க்கிறது.

டீச்சரின் முழங்கையைத் தாங்கியபடி அப்படியே நின்றுவிட்டேன். ஹாரிஸுக்கு அந்த வளைவு இல்லை. தூக்கினாலும் வலித்தது, தொங்கப் போட்டாலும் வலித்தது, அசையாமல் மல்லாந்து கிடந்தபோதுதான் கண்ணீர் விட்டார். தொட்டால் வலிக்கிற இடம் ஒன்றுகூட இல்லை. தசை ஒவ்வொன்றும் இரும்பு மாதிரி இருந்தது. நான் சோதித்த அத்தனையும் 'இது தோளின் வியாதி இல்லை' என்று சொல்லியிருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

தண்ணீர் கையைத் தாங்குகிறது என்றேனே, கழுத்தளவுத் தண்ணீரே தாங்குமே! வள்ளத்தை விட்டு இறங்கியதுமே வலி போயிருக்க வேண்டுமே. ஏழெட்டுப் பாகம் ஏன் போக வேண்டியிருந்தது? பட்டையில் காற்றை அடித்தால் ஏன் விட்டது? தோளைத் தாங்கினால் வலி போகவில்லை. நெருக்கினால்தான் போகிறது.

"ஜஹ்ரா, என் கைய விட்டுருதியாம்மா?" என்றார் டீச்சர். நான் அவர் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

பக்கத்து அறையில் எலும்பு டாக்டர் ஜாபேஸ் சார் இருந்தார். கதவைத் தட்டாமல் உள்ளே போய்ச் சொன்னேன். எத்தனை நாள், எத்தனை மணி நேரம், எவ்வளவு ஆழம் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"தோள் இல்லம்மா இது. காத்து. ஆழத்துல அவர் சுவாசிக்கிற காத்துல இருக்கிற நைட்ரஜன் ரத்தத்துல, எலும்பு மஜ்ஜையில எல்லாம் கரைஞ்சு போயிரும். வேகமா மேல வந்தா சோடா பாட்டிலத் திறந்த மாதிரி குமிழ் குமிழா வெளிய வரும். பெரும்பாலும் மொதல்ல தோள்லதான் பிடிக்கும். மறுபடி கீழ போனா குமிழ் அமுங்கி வலி போயிரும். ஆனா போற ஒவ்வொரு தடவையும் இன்னும் சேரும். முதுகுத் தண்டுல குமிழ் வந்தா கால் போயிரும். அதுக்கு மேலயும் போகலாம். அவர் இப்ப எங்க இருக்காரு?"

"கடலுக்கு அடியில சார்."

அவர் எழுந்துவிட்டார். "மெதுவா வரச் சொல்லுங்க. பாதியில நின்னு, நின்னு, ரொம்ப மெதுவா. வேகமா மட்டும் வரவே கூடாது. நான் மதுரைக்குப் பேசுறேன், அங்க ஒரு ஆஸ்பத்திரியில அழுத்த அறை இருக்கு" என்று போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

நான் செந்தூர்வேல் அண்ணனுக்கு அடித்தேன். கடலில் அந்த இடத்தில் சிக்னல் வரும், போகும். மூன்றாவது தடவை கிடைத்தது. பின்னால் கம்ப்ரசர் எஞ்சின் சத்தம் நன்றாகவே கேட்டது. அது ஓடுகிறதே என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

"அண்ணே, அவரு எப்ப எறங்குனாரு?"

"ரெண்டு மணி நேரம் ஆவப்போவுது தங்கச்சி. இன்னைக்குப் பதிமூணு பாகம். நல்ல சங்கு."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. அவருக்கு நான் சொன்னது புரிந்தது. அவர்களுக்கெல்லாம் இது தெரிந்த விஷயம்தான். பேர்தான் தெரியாது. "கெட்ட காத்து புடிக்கதுன்னு சொல்லுவோம் தங்கச்சி. புடிச்சா மறுபடி கீழ போயி எறக்கிட்டு வருவாவ. எல்லாரும் அப்படித்தான்" என்றார். ஹாரிஸுக்கு அதுவரை அது பிடித்ததில்லை, பிடித்தபோது நான் தசை என்று சொல்லிவிட்டேன்.

"இல்லண்ணே, அதுதான் கூடாது. அவர மெதுவா வரச் சொல்லுங்க. பாதி வழியில நிக்கச் சொல்லுங்க."

எஞ்சின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"ஹோஸுல மெதுவான்னு எப்படித் தங்கச்சி சொல்ல?"

ஒன்று, இரண்டு, மூன்று. அவ்வளவுதான் அந்தப் பாஷை. 'மெதுவாக வா' என்பதற்கு அதில் இழுப்பு இல்லை. அண்ணன் தானே இறங்கிப்போய்ச் சொல்லலாம் என்றால், இருப்பது ஒரே ஹோஸ். காது ஓட்டையாகி அவர் தண்ணீரை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. அவரும் இறங்கிவிட்டால் எஞ்சினுக்கு ஆளில்லை.

"தானா எப்ப மேல வருவாரு?"

"இன்னும் ரெண்டு மணி நேரமாவது ஆவும். வலி இல்லாம கெடக்கான்லா, சீக்கிரம் வர மாட்டான்."

இன்னும் இரண்டு மணி நேரம். நிமிஷத்துக்கு நிமிஷம் அந்தக் காற்று அவர் எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. நான்தான் அனுப்பினேன். வாசலில் நின்றவரை நான்தான் அனுப்பினேன். வராந்தாவில் ஜாபேஸ் சார் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மதுரையிடம் பேசிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இருபது அடி தூரம்தான். கேட்கவில்லை. எப்போதும் எனக்குத்தானே எல்லாம் தெரியும்!

"மூணு இழுங்கண்ணே" என்றேன். "இழுத்துட்டு, அவரு வரும்போது ஹோஸ இறுக்கிப் புடிச்சுக்கிடுங்க. கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. அப்ப மெதுவாத்தான வருவாரு?"

"காத்து நிக்கப் போவுதுன்னு நெனச்சு வாரவன எப்படித் தங்கச்சி புடிச்சு நிறுத்த?"

"இழுங்கண்ணே!"

இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் வாய்விட்டு எண்ணியது எனக்குக் கேட்டது. நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நொடி முள் பாதிச் சுற்றுகூடப் போகவில்லை.

"வந்துட்டான் தங்கச்சி! ஈயத்தயும் அவுத்து எறிஞ்சிட்டான், ஹோஸத் துப்பிட்டான், வந்துட்டான்!"

அண்ணன் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு வள்ளம் கரைக்கு வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஆக்சிஜன் இருக்கிற ஆம்புலன்ஸை ஜாபேஸ் சார் ஏற்பாடு செய்தார். நான் அதிலேயே ஏறித் திரேஸ்புரம் கரையில் போய் நின்றேன். போன் வந்துகொண்டே இருந்தது. முதலில் தோள் வலி தாங்கவில்லை என்றார் அண்ணன். பிறகு வயிற்றைச் சுற்றிக் கயிறு கட்டின மாதிரி இருக்கிறதாம் என்றார். பிறகு, மறுபடி கீழே இறக்கிவிடு என்று அழுகிறான், இறக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்று கத்தினேன். கரையில் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். கடைசிப் போனில் அண்ணன் மெதுவாகப் பேசினார்.

"எழும்பி உக்காருலேன்னு சொன்னேன் தங்கச்சி. கால எங்கன வச்சிருக்கேன்னு என்கிட்டயே கேக்கான்."

நான்கு பேராகச் சேர்ந்து பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஈரமான கால் இரண்டும் பலகைக்கு வெளியே ஆடிக்கொண்டு வந்தன. இத்தனை வருஷத்தில் ஆயிரம் கால் பார்த்திருக்கிறேன். அந்த ஆட்டம் எப்படிப்பட்ட ஆட்டம் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார். "எஞ்சின் மக்கர் பண்ணிட்டு ளா. அண்ணன் மூணு இழுத்தாரு. சரியான நேரத்துல இழுத்தாரு, இல்லன்னா கீழயே கெடந்திருப்பேன்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எஞ்சின் மக்கர் என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். எனக்காகச் சொல்லியிருக்கிறார். நான் ஹாரிஸைப் பார்த்து 'ஆமாம்' என்று தலையை ஆட்டினேன். மாஸ்க்கை எடுத்து அவர் மூக்கில் வைத்து, வாயையும் சேர்த்து மூடினேன்.

மதுரைக்குப் போகிற வழியெல்லாம் அவர் இடது தோளைப் பிடித்துக்கொண்டு முனகினார். ஒரு தடவைகூடக் காலைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது. எட்டயபுரம் தாண்டும்போது போர்வைக்குள் கையை விட்டு அவர் பாதத்தைக் கிள்ளிப் பார்த்தேன். என் நகம் பதிந்த இடம் சிவந்தது. அவர் கண்ணை மூடித் தோளைப் பிடித்தபடியே 'யா அல்லாஹ், யா அல்லாஹ்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அழுத்த அறை என்றால் ஒரு பெரிய அறை என்று நினைத்திருந்தேன். அது ஒரு கண்ணாடிக் குழாய். ஒரு ஆள் படுக்கிற நீளம். அவரைப் படுக்கையோடு உள்ளே தள்ளி, கனமான கதவை மூடித் திருகினார்கள். வெளியே பேசுவதற்கு ஒரு ரிசீவர் தொங்கியது. அவர் பேசுவது ஸ்பீக்கரில் கேட்கும். டாக்டர் சண்முகசுந்தரி என்று ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், மீட்டரைப் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தை ஏற்றினார்.

"வலி வந்த எடத்த விட்டுச் சீக்கிரம் போயிரும். தண்டுவடந்தான் எப்படின்னு தெரியாது. சிலருக்கு மொதல் தடவையிலயே கால் வந்திருக்கு. சிலருக்குப் பல தடவை வைக்கணும். சிலருக்கு..." என்று நிறுத்தினார். "லேட்டாதான் கொண்டுவந்திருக்கீங்க. ஏன் அவ்வளவு வேகமா மேல வந்தாரு?"

நான் மீட்டரின் முள்ளைப் பார்த்தேன்.

கால் மணி நேரம் போயிருக்கும். "இப்ப பத்துப் பாகம் ஆழத்துல இருக்கிற மாதிரி" என்றார் டாக்டர், அவருக்கு நான் பாகக் கணக்கைச் சொல்லிக்கொடுத்திருந்தேன். உள்ளே ஹாரிஸ் கண்ணைத் திறந்தார்.

"விட்டுட்டு ளா!" ஸ்பீக்கரில் அவர் குரல் கரகரவென்று வந்தது. "விட்டுட்டு! பாரு!"

இடது கையைப் பக்கவாட்டில் தூக்கினார், குழாய் இடிக்கிறவரை. பிறகு தலைக்கு மேலே கொண்டுபோனார். எங்கேயும் தடங்கல் இல்லை. மேற்கை எலும்பு குழிக்குள் நழுவி உருள்வதும், தோள்பட்டை எலும்பு பின்னால் கூடவே திரும்புவதும் கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது. அவ்வளவு அழகான தோள். சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினார்.

டாக்டர் ரிசீவரை எடுத்தார். "நல்லது. இப்ப காலப் பாக்கலாம். வலது கால் பெருவிரல ஆட்டுங்க."

நான் கண்ணாடிக்குக் கீழே குனிந்து பாதத்துக்கு நேராகப் போனேன். பக்கத்திலிருந்து பார்த்தால் நகத்துக்கு அடியில் சிக்கியிருந்த கடல் மண் வரை தெரிந்தது. அவர் கூரையைப் பார்த்தபடி, நெற்றி நரம்பு புடைக்கக் கவனமாக இருந்தார்.

"இடது காலும் ஆட்டுங்க" என்றார் டாக்டர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அட்டையில் என்னமோ எழுதினார்.

"போதுமா டாக்டர்?" என்றார் ஹாரிஸ். அந்த அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். ஹாரிஸ் தலையைத் தூக்கி என்னைத் தேடினார். படுத்திருந்தவருக்குத் தன் கால் தெரியவில்லை, போர்வையின் மடிப்பு மறைத்தது. "ஆட்டிக்கிட்டுத்தான ளா இருக்கேன்? நல்லா ஆட்டுதேன்ல?"

தோளைப் பற்றி மூன்று நாளாக நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நம்பிய முகம் அது. இப்போதும் அதே மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து டாக்டர் கையிலிருந்து ரிசீவரை வாங்கினேன்.

"இல்ல மச்சான். ஆடல" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். டாக்டர் அம்மாகூட வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"எஞ்சினும் நிக்கல. மூணு இழுப்பும் நான்தான் இழுக்கச் சொன்னேன்."